பெட்டைக் குட்டிகளுக்குத் தீவனம் கூட்டுவதா, குறைப்பதா? ஏழு மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லை

சங்கரன்கோவில் கரிசல்:

எல்லோருக்கும் வணக்கம். சங்கரன்கோவிலுக்கும் குருவிகுளத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். இதுவரை குட்டி வாங்கி வளர்த்துக் கறிக்குக் கொடுப்பதுதான் தொழில். குட்டி விலை ஏறிக்கொண்டே போவதால் இனி நாமே குட்டி எடுக்கலாம் என்று ஒன்பது பெட்டைகளை நிறுத்தியிருக்கிறேன். எல்லாம் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர். ஏழு மாதம் முடியப் போகிறது.

இதில் நாலு, கறிக்கு வளர்த்த கூட்டத்தோடு நின்றவை. ஹோட்டல் கழிவு, புரோட்டாக் கடை மிச்சம் எல்லாம் வயிறு முட்டத் தின்று கொழுகொழுவென்று இருக்கின்றன. மற்ற ஐந்தையும் வேறொருவரிடம் வாங்கினேன். அவர் தவிடும் காய்கறிக் கழிவும் மட்டும் போட்டு வளர்த்திருக்கிறார். முதுகெலும்பு தெரிகிறது. இந்த இரண்டு கூட்டத்திலும் ஒன்றுகூட ஹீட்டுக்கு, அதாவது கிடாவோடு சேரும் பருவத்துக்கு, வந்ததாகத் தெரியவில்லை.

குட்டி வியாபாரி, “பெட்டை தடித்துவிட்டால் சினையே பிடிக்காது, தீவனத்தைப் பாதியாக்கு” என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர், “நல்லாத் தின்னாத்தானே நிறைய குட்டி போடும், இன்னும் அள்ளிப் போடு” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இன்னொன்று. நாலு மாதக் குட்டிகள் இப்போது தனியாக ஒரு அறையில் இருக்கின்றன. அதில் எல்லாப் பெட்டைக்கும் பின்பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் ஹீட் வருமா?

வள்ளியூர் பண்ணை:

தம்பி, கிடா (ஆண் பன்றி) இருக்கிறதா உங்களிடம்? கிடா வாசனையே படாமல் பெட்டை பருவத்துக்கு வரத் தாமதமாகும். அதை முதலில் சொல்லுங்கள். தீவனக் கணக்கைக் கடையத்து அக்காவிடம் கேட்டுக்கொள்ளலாம், அவர்கள் பெட்டை வளர்த்தே கொடுக்கிறவர்கள்.

கடையம் வெண்பன்றி:

வணக்கம் தம்பி. வியாபாரியும் பக்கத்துத் தோட்டக்காரரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த வயசில், எத்தனை நாளைக்கு என்பதை இருவரும் விட்டுவிட்டார்கள், அதனால்தான் உங்களுக்குக் குழப்பம்.

முதலில் அந்த நாலு மாதக் குட்டிகள். அது ஹீட் கிடையாது. யார்க்‌ஷயர் பெட்டை நாலு மாதத்தில் பருவத்துக்கு வராது, அதுவும் ஒரு அறையில் இருக்கிற எல்லாம் சேர்ந்தாற்போல வராது. மக்காச்சோளத்தைப் பாருங்கள். மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் மூட்டை பிடித்ததா? உங்கள் பக்கம் வயல்காட்டிலேயே மலிவாகக் கிடைக்கும் என்று ஈரத்தோடு வாங்கிப் போடுகிறார்கள். அதில் பிடிக்கிற ஒரு வகைப் பூஞ்சையின் நஞ்சு, பெண் ஹார்மோன் போலவே உடம்பில் வேலை செய்யும். அதனால்தான் இந்த வீக்கம். இடுப்பில் கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள். ஹீட்டில் இருக்கிற பெட்டை காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இவை துள்ளி ஓடும். அந்த மூட்டையை இன்றைக்கே நிறுத்துங்கள். பெரிய பெட்டைகளுக்கும் அதே சோளம்தான் போகிறது என்றால், பருவம் தள்ளிப்போக அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல சோளத்தோடு கலந்து தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கலந்தாலும் நஞ்சு நஞ்சுதான்.

இனி தீவனத்துக்கு வருகிறேன்.

கறிக்குட்டியும் தாய்க்கு நிறுத்துகிற பெட்டையும் 30 கிலோ வரைக்கும் ஒரே தொட்டியில் தின்னலாம். அதற்கு மேல் பிரித்தே ஆக வேண்டும். கறிக்குட்டிக்கு எடை ஏறினால் போதும், ஏழெட்டு மாதத்தில் அதன் கணக்கு முடிந்துவிடும். பெட்டைக்கு அப்போதுதான் கணக்கே தொடங்குகிறது. ஐந்தாறு ஈத்து நின்று குட்டி போட்டால்தான் அதை வளர்த்த செலவு நமக்குத் திரும்பும். நம் பக்கம் நிறையப் பேர் ஒரு ஈத்து, மிஞ்சினால் இரண்டு ஈத்து எடுத்துவிட்டு, “கால் போச்சு”, “மறுபடி ஹீட்டுக்கே வரலை” என்று கறிக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை கேள்விப்படும்போதும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்தப் பெட்டையின் மேல் குற்றமே இருக்காது. மூன்று மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் நடுவில் அதற்கு என்ன போட்டோம் என்று பார்த்தால் விஷயம் அங்கே இருக்கும்.

வயிறு முட்டத் தின்று வேகமாக எடை ஏறுகிற பெட்டைக்கு முதலில் அடிவாங்குவது கால். எலும்பு முனையில் இருக்கிற குருத்தெலும்பு முற்றுவதற்கு முன்னால் மேலே பாரம் ஏறிவிடுகிறது. வழுக்குகிற சிமெண்ட் தரை என்றால் கேட்கவே வேண்டாம். சினையிலும் இப்படியே கொழுத்தால், ஈன்ற பிறகு அது சரியாகத் தின்னாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பால் கொடுக்கிற காலத்தில்தான் அது நன்றாகத் தின்ன வேண்டும், ஆனால் கொழுத்த பெட்டைக்கு அப்போது பசி எடுக்காது. உடம்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கும். குட்டியைப் பிரிக்கும்போது எலும்பாக நிற்கும். பிரித்து ஒரு வாரத்துக்குள் ஹீட்டுக்கு வர வேண்டியது மூன்று வாரம், நாலு வாரம் என்று இழுக்கும், வந்தாலும் இரண்டாம் ஈத்தில் குட்டி குறையும். முதல் ஈத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொழுக்க வளர்த்ததுதான் நல்லது என்று சொல்கிறவர்கள் இரண்டாம் ஈத்து வரைக்கும் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்காக வியாபாரி சொல்கிற மாதிரி பாதியாக வெட்டுவதும் ஆகாது. மூன்று மாதத்தில் இருந்து பருவத்துக்கு வருகிற வரை மடிக்குள் பால் சுரக்கிற திசு வேகமாக வளர்கிற காலம். அப்போது வயிற்றைக் காயப் போட்டால் திசு குறைந்துவிடும். லேசாக அளவு குறைத்தால் பருவம் பெரிதாகத் தள்ளிப்போவதில்லை. ஆனால் உங்கள் ஐந்து பெட்டைகளைப் போல முதுகெலும்பு தெரிகிற அளவுக்குப் போனால் கண்டிப்பாகத் தள்ளிப்போகும்.

என் பண்ணையில் எப்படி என்றால், 30 கிலோவில் இருந்து 60 கிலோ வரை கையைக் கட்டுவதில்லை, நல்ல கலவையாகப் போட்டு வளர விடுவேன். 60 கிலோவுக்கு மேல் நாளுக்கு 2 முதல் இரண்டரை கிலோ அடர்தீவனம், காலையில் பாதி, சாயங்காலம் பாதி. நூறு கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 60, கோதுமைத் தவிடு 22, சோயாப் புண்ணாக்கு 12, உப்புப் போடாமல் காய்ந்த மீன்தூள் மூன்றரை, தாது உப்பு 2, சாதா உப்பு அரை கிலோ. மீன்தூளைத் தூத்துக்குடிப் பக்கம் இருந்து வாங்கினால் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வேண்டாம், தண்ணீர் கொஞ்சம் குறைந்த நாளில் பன்றிக்கு உப்பே விஷமாகிவிடும். பிசான நெல் அறுப்பு முடிந்ததும் அரிசித் தவிடு மலிவாக வரும், அம்பாசமுத்திரம் மில்லில் இருந்து நானும் வாங்குவேன். ஆனால் புதுசாக இருக்க வேண்டும். அரிசித் தவிட்டில் எண்ணெய் உண்டு, சில நாளிலேயே சிக்கு வாடை வந்துவிடும். தவிட்டில் இருக்கிற பாஸ்பரஸையும் பன்றியால் முழுசாகச் செரிக்க முடியாது. அதனால் தவிடு எவ்வளவு போட்டாலும் தாது உப்பை விட்டுவிட முடியாது.

பெட்டையின் எடை தெரியாமல் இதையெல்லாம் பேசிப் பயனில்லை. தராசு இல்லாவிட்டால் தையல் டேப் போதும். காலையில் தீவனம் வைப்பதற்கு முன், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளங்கள். அப்புறம் இரண்டு காதுக்கு நடுவில் இருந்து முதுகு வழியாக வால் தொடங்குகிற இடம் வரை. தலை குனிந்திருக்கும்போது அளந்தால் நீளம் கூடும், நேராக நிற்கும்போது பாருங்கள். இரண்டையும் மீட்டரில் எழுதி, சுற்றளவை சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 69.3ஆல் பெருக்கினால் கிலோ கிடைக்கும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், நம் வேலைக்கு இது போதும்.

இடுப்பு எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதும் உண்டு. தொட்டதுமே எலும்பு தட்டுப்பட்டால் மெலிவு, நன்றாக அழுத்தியும் கிடைக்கவில்லை என்றால் கொழுப்பு. கொஞ்சம் அழுத்தியதும் எலும்பு தெரிந்தால் அதுதான் சேர்க்கைக்கு விடுகிற உடம்பு.

அளந்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

சங்கரன்கோவில் கரிசல்:

அக்கா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னது சரிதான், சோளம் நனைந்த மூட்டை. உள்ளே கையை விட்டால் கட்டியாக வருகிறது, இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டேன்.

அளந்தும் பார்த்தேன். கொழுத்ததில் பெரியது சுற்றளவு 118 செ.மீ., நீளம் 120. கணக்குப் போட்டால் 116 கிலோ வருகிறது. மெலிந்ததில் ஒன்று சுற்றளவு 92, நீளம் 102. கிட்டத்தட்ட 60 கிலோதான். இரண்டுக்கும் ஒரே வயசு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வள்ளியூர் அண்ணாச்சி, என்னிடம் கிடா இல்லை. சினை ஊசி போடலாம் என்று இருந்தேன்.

நெல்லை கால்நடை மருத்துவர்:

கடையத்து அம்மா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

பருவம் வயிற்றில் இருந்து மூளைக்குப் போகிற ஒரு செய்தி. தீவனம் குறைந்து உடம்பு கரையும்போது ரத்தத்தில் இன்சுலின் போன்றவை இறங்குகின்றன. மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் எல்.எச். என்ற ஹார்மோனைச் சிறுசிறு துடிப்புகளாக விடும். அந்தத் துடிப்பு சோர்ந்துவிடுகிறது. சினைப்பையில் முட்டைக் கொப்புளங்கள் வளராமல் நின்றுவிடும். உங்கள் 60 கிலோ பெட்டைக்கு நடப்பது இதுதான். தீவனம் சரியானால் இது திரும்பிவிடும், பயப்பட வேண்டாம்.

வளரும் காலம் முழுவதும் வயிறு நிறையத் தின்ற பெட்டை முட்டைகளைக் கூடுதலாகத்தான் விடும். பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதில் உள்ள உண்மை இது. ஆனால் அதே தீனி சேர்க்கைக்குப் பிறகும் தொடர்ந்தால் தொடக்கத்திலேயே கருக்கள் அதிகமாக அழியக்கூடும், கடைசியில் குட்டி எண்ணிக்கையில் பெரிய லாபம் இருக்காது. அதிகத் தீனி கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டுகிறது. கருவைக் காப்பாற்ற வேண்டிய புரொஜெஸ்ட்ரோனைக் கல்லீரல் வேகமாகக் கழித்துவிடுகிறது. அளவாக வளர்த்து, சேர்க்கைக்கு முன் 10 முதல் 14 நாள் மட்டும் தீவனத்தை ஏற்றினால் முட்டை எண்ணிக்கை அதே அளவுக்கு வந்துவிடும். இத்தனை மாதம் அள்ளிப் போட்ட செலவும் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. சேர்த்த பிறகு தீவனத்தை இறக்கு என்பது நல்ல உடம்பில் இருக்கிற பெட்டைக்குத்தான். மெலிந்து தேறிய பெட்டைக்கு இறக்கக் கூடாது, அதற்கு அந்தத் தீவனம் தேவை.

கிடா விஷயத்தில் வள்ளியூர்க்காரர் சொன்னது முக்கியம். ஊசியே போடுவதானாலும் ஹீட்டைக் கண்டுபிடிக்கவாவது கிடா வேண்டும். பத்து மாதம் தாண்டிய கிடாவின் வாய் நுரையில் உள்ள வாசனைதான் பெட்டையைத் தூண்டும், இளங்கிடாவுக்கு அது போதாது. தினமும் 10, 15 நிமிடம் மூக்கோடு மூக்கு படும்படி விடுங்கள். பக்கத்து அறையிலேயே நிரந்தரமாகக் கட்டினால் பெட்டைகளுக்குப் பழகிப்போய்விடும். கொழுத்த நாலும் கிடா இல்லாததால் வெளியே காட்டாமல் ஹீட்டைக் கடந்திருக்கவும் வாய்ப்புண்டு. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு முறை நேரில் காட்டிவிடுவது நல்லது. சோள மாதிரியையும் கையோடு எடுத்துப் போய்க் கேளுங்கள்.

வள்ளியூர் பண்ணை:

டாக்டர் சொன்னால் சரி. ஆனால் அக்கா, எல்லோராலும் கலவைத் தீவனம் போட முடியுமா? ஹோட்டல் கழிவை விட்டால் எங்களுக்குக் கட்டுப்படி ஆகாது. அதை வைத்தே பெட்டை வளர்க்க வழி சொல்லுங்கள்.

கடையம் வெண்பன்றி:

அண்ணாச்சி, கழிவை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பன்றி வளர்ப்பவர் பாதிப் பேர் அதில்தான் ஓட்டுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து போட வேண்டும், அவ்வளவுதான். வாளியில் பெரும்பாலும் முக்கால் பங்கு தண்ணீர்தான். பத்து கிலோ கழிவில் காய்ந்த பொருள் இரண்டு, இரண்டரை கிலோ தேறும். அதுவும் சோறும் புரோட்டாவும் சால்னா எண்ணெயும். கொழுப்பு ஏறும், ஆனால் சதைக்கு வேண்டிய புரதமும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் போதாது. பெட்டைக்கு ஆறேழு கிலோ கழிவோடு நிறுத்திக்கொண்டு, ஒரு கிலோ அடர்தீவனமும் அதில் தாது உப்பும் சேர்த்துப் போடுங்கள். தாது உப்பைக் கழிவு வாளியில் கொட்டினால் அடியில் தங்கிவிடும், தீவனத்தில் பிசிறித்தான் வைக்க வேண்டும். கழிவு எதுவானாலும் நன்றாகக் கொதித்த பிறகே தொட்டிக்கு வரட்டும். 2020ல் வடகிழக்கில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து பண்ணை பண்ணையாகப் போனதே. அந்த நோய்க்கு மருந்து கிடையாது, கழிவில் வருகிற பன்றிக்கறித் துண்டு ஒன்று போதும்.

சங்கரன்கோவில் தம்பிக்கு: நாலு கொழுத்த பெட்டைகளையும் பட்டினி போடாதீர்கள். ஒரு நாள் தீனியும் தண்ணியும் நிறுத்தினால் ஹீட்டுக்கு வரும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். நம்ம வெயிலில் தண்ணி நிறுத்தினால் பெட்டையே மிஞ்சாது. கழிவைப் படிப்படியாகக் குறைத்து, இரண்டு வாரத்தில் நாளுக்கு 2 கிலோ கலவைக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் பச்சைப் புல் போடுங்கள், வயிறு அடங்கும். நடக்க இடம் விடுங்கள். கிடாவைக் காட்டுங்கள். பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் ஒன்றிரண்டாவது ஹீட்டில் நிற்கும்.

மெலிந்த ஐந்துக்கும் முதலில் குடல்புழு மருந்து கொடுங்கள், மருத்துவரிடம் அளவு கேட்டு. பிறகு அதே கலவையில் சோயாப் புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டி, தின்னுகிற வரைக்கும் போடுங்கள். இவற்றை வயசை வைத்துச் சேர்க்கக் கூடாது. நம்ம யார்க்‌ஷயருக்கு நான் வைத்திருக்கிற அளவு, வயசு எட்டு மாதம், எடை 110 கிலோவுக்கு மேல், ஹீட் இரண்டாவதோ மூன்றாவதோ. இந்த மூன்றும் கூடி வந்தால்தான் சேர்க்கை. முதல் ஹீட்டில் முட்டை குறைவாகத்தான் விடும், அடுத்தடுத்த ஹீட்டில் கூடும். மேல்நாட்டுக் கலப்பின வம்சங்களுக்கு 135 கிலோவுக்கு மேல் என்று வைத்திருக்கிறார்கள், அது வேறு உடம்பு. உங்கள் ஐந்தும் பத்து மாதம்கூட ஆகலாம், பொறுங்கள். இப்போது வாங்கியவரிடம் சண்டை போட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை. நன்றாகத் தின்றும் எடை ஏறாததை மட்டும் கறிக்குக் கொடுத்துவிடுங்கள்.

பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும்போது எல்லாமே தீனி குறைக்கும். பன்றிக்கு வியர்க்காது. அப்போது காலைத் தீவனத்தை ஆறு மணிக்குள் வையுங்கள், மற்றதைப் பொழுது சாய்ந்த பிறகு. நண்பகலில் கூரையிலும் உடம்பிலும் தண்ணீர் தெளியுங்கள். சாரல் விழுகிற ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் பெட்டைகள் தாமாகவே தீனி கூட்டும், உங்கள் கரிசலில் அந்தக் காற்று மட்டும்தான் வரும்.

சங்கரன்கோவில் கரிசல்:

அக்கா, கிடாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன், பக்கத்து ஊரில் ஒன்றரை வயசில் ஒன்று கிடைக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். சேர்க்கைக்கு இரண்டு வாரம் முன்னால் தீவனம் ஏற்ற வேண்டும் என்றால், எந்த நாளில் ஹீட் வரும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

கடையம் வெண்பன்றி:

அதனால்தான் முதல் ஹீட்டை விட்டுவிடச் சொல்வது தம்பி. கிடாவைச் சேர விட வேண்டாம், ஹீட்டில் நின்ற தேதியை மட்டும் சுவரில் சுண்ணாம்பால் எழுதிவையுங்கள். சுற்று 21 நாள், சிலதுக்கு இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே ஆகும். தேதியில் இருந்து எட்டாம் நாள் தீவனத்தை மூன்று, மூன்றேகால் கிலோவாக ஏற்றுங்கள். 18ஆம் நாளில் இருந்து காலையும் மாலையும் இடுப்பை அழுத்திப் பாருங்கள். எடையும் வயசும் இன்னும் வரவில்லை என்றால் இந்தச் சுற்றையும் விட்டுவிட்டு, அடுத்த சுற்றுக்கு எண்ணுங்கள், தீவனத்தைச் சும்மா ஏற்ற வேண்டாம்.

அசையாமல் நின்றதைக் காலையில் பார்த்தால் அன்று சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை சேர்த்துவிடுங்கள். ஊசி போடுவதானாலும் இதே நேரம்தான். முடிந்ததும் கொழுத்த நாலுக்கும் அன்றைக்கே 2 கிலோவுக்கு இறக்கி, ஒரு மாதம் அப்படியே வையுங்கள். மெலிந்து தேறியவைக்கு டாக்டர் சொன்னபடி இரண்டரை கிலோவுக்குக் கீழே போக வேண்டாம். அந்த ஒரு மாதம் அறை மாற்றுவது, புதுப் பெட்டையைச் சேர்த்து விடுவது எதுவும் கூடாது, சண்டை போட்டால் கரு தங்காது. 21ஆம் நாள் மறுபடி கிடாவைக் காட்டுங்கள். நிற்கவில்லை என்றால் சினை பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சேர்த்த தேதியில் இருந்து மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாளில் குட்டி போடும். கடைசி மாதத் தீவனத்தை அப்போது கேளுங்கள், சொல்கிறேன்.